அரிசி வாளிக்குள் ஒரு கடவுச்சீட்டு

ரீச்சர் அந்தப் பழுப்பு உறையை என்னிடம் நீட்டியபோது என் கைகள் சவர்க்கார நுரைக்குள் இருந்தன. ஹம்பேர்க் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹொட்டேலில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருக்கும். ரீச்சர் கானாவிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். மனதுக்குள் ரீச்சர் என்றே வைத்துக்கொண்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. வரவேற்பு மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. "மீன் சந்தையில் பிக்பொக்கற்காரர் அதிகமாம். இதைப் பத்திரமாக வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். உள்ளே அவருடைய கடவுச்சீட்டும், அன்று மூன்றரை மணி விமானத்துக்கான டிக்கற்றும் இருந்தன.

தங்கியிருந்த பதினாலு நாளும் காலைச் சாப்பாடு முடிந்ததும் தன் கோப்பையைத் தானே சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்து தருவார். அவர் பேசிய ஜேர்மன் மொழி, தன் ஊர் அக்ராவில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த டொச், என்னுடையதைவிடச் சுத்தம். "லண்டனுக்குப் போனால் மச்சாள், மச்சாளின் பிள்ளைகள் என்று வீடு வீடாக ஏறவேண்டும். அது விடுமுறையில்லை. இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இதுதான் விடுமுறை" என்றார் ஒருநாள். கப்பல்களைப் பார்த்ததைச் சொன்னார். பூங்கா மாதிரி இருந்த சுடலையில் வழி தவறியதைச் சொன்னார். விசாவுக்காக வீட்டு உறுதிப்பத்திரம், ஓய்வூதியக் கடிதம் எல்லாம் காட்டினாராம். திரும்பிப் போனதும் தூதரகத்தில் கடவுச்சீட்டோடு நேரில் போய் நிற்கவேண்டுமாம். ஒருநாள் பிந்தினாலும் இனி எந்த நாட்டையும் பார்க்க விடமாட்டார்கள் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றையும் நம்பவில்லை.

எங்கள் சமையல்கார அண்ணையும் நம்பவில்லை.

"உர்லாபாம், விடுமுறையாம்! இந்த மழைக்க நனையிறதுக்கு ஆரும் காசு குடுத்து வருவினமே?" என்று பதினாலு நாளும் சிரித்தவர், உறையைக் கண்டதும் சிரிப்பை நிற்பாட்டினார்.

"விளங்கேல்லையோ உனக்கு? பாஸ்போட்டை உன்ர கையில தந்திட்டா. நாளைக்கு வெறுங்கையோட போய் அகதியெண்டு அசூல் அடிக்கப்போறா."

"மீன் சந்தைக்கெண்டுதானே அண்ணை சொன்னவ?"

"நீ வெளிக்கிடேக்க என்ன சொன்னனி? கிழக்கு ஜேர்மனிக்குப் படிக்கப்போறனெண்டு. அஞ்சாம் வகுப்புக்காரன்! போடா, இங்க வைச்சிருக்காத. வீட்டை கொண்டுபோ."

நானும் ஒருநாள் கடவுச்சீட்டை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு பொலிசில் போய் நின்றவன்தான். எங்கள் ஆட்களிடையே கடவுச்சீட்டைக் கைமாற்றினால் அதற்கு ஒரே அர்த்தம், திரும்பிப் போகிற எண்ணமில்லை என்பது. மேலே கேள்வி கேட்பது மரியாதையில்லை. ஒன்பது மணி இடைவேளையில் ரயிலேறி ஹார்பேர்க்கில் இருந்த என் வீட்டுக்குப் போனேன். மனைவி இன்னும் எழும்பவில்லை. உறையை அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு பெரிய உதவி செய்ததாக நெஞ்சு நிறைந்திருந்தது.

ஒரு மணிக்கு ரீச்சர் பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றார்.

"உறை?"

"வீட்டில்."

"எதற்காக வீட்டில்?"

எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சும் ஓடிப்போய்விட்டது. அண்ணை சூப்பைக் கிளறிக்கொண்டு நின்றார். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். ரீச்சரும் ஓடினார்.

ரயில் எல்பே ஆற்றைக் கடந்தபோது சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் எங்கள் முன்னால் வந்து நின்று அடையாளப் பத்திரம் கேட்டார்கள். நான் என் பத்திரத்தைக் காட்டினேன். "என்னுடைய கடவுச்சீட்டு இவர் வீட்டில் இருக்கிறது" என்றார் ரீச்சர். இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எதற்காக ஜேர்மனிக்கு வந்தீர்கள்?"

"உர்லாப்."

இளையவரின் உதடு கொஞ்சம் கோணியது. அந்த முகம் எனக்குத் தெரியும். பதினாலு நாளாக எங்கள் சமையலறையில் இருந்த முகம்தான்.

பொலிஸ்காரரோடு நானாக ஒரு சொல் பேசியது கிடையாது. அன்று பேசினேன். "பிழை என்னுடையது. இவருக்கு மூன்றரைக்கு விமானம். வந்து பாருங்கள், வீடு கிட்டத்தான்." அவர்கள் எங்களோடு இறங்கினார்கள்.

கதவைத் திறந்த மனைவி பேயடித்தவள் போல நின்றாள். நான் வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டேன். அகப்படவில்லை. "மத்தியானத்துக்கு அரிசி எடுத்தனான், ஒண்டும் தட்டுப்படேல்லையே" என்றாள் மெல்ல. வாளியை நிலத்தில் கவிழ்த்தேன். அடியிலிருந்து உறை விழுந்தது. மூத்த பொலிஸ்காரர் அரிசிமணிகளைத் தட்டிவிட்டு விசாவையும் டிக்கற்றையும் பார்த்தார்.

"ஏன் அரிசிக்குள்?"

"இங்கேயே தங்கப்போகிறார் என்று நினைத்தேன். நாங்கள் அப்படித்தான் வந்தோம்."

அவர் கடவுச்சீட்டை ரீச்சரின் கையில் கொடுத்து, நல்ல பயணம் என்றார்.

டாக்சியில் நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஒரு தரம் மட்டும் பேசினார். "பதினாலு நாளும் உங்களிடம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள்."

இன்றைக்கும் எனக்குச் சுடுவது அந்தச் சொல்தான். என்னை நம்பாத அதிகாரிகள் பலருக்கு முன்னால் இருந்தவன் நான். அவர்களாவது நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

விமான நிலையத்தில் மேசையை மூடிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சினேன். பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். சோதனை வாசலில் ரீச்சர் கடவுச்சீட்டைக் கொடுத்தார். முத்திரை விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பால் போனவர் நின்று திரும்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து கமராவை எடுத்து, அப்படியே நில்லுங்கள் என்று கையால் காட்டினார். ஈர ஏப்ரனோடு, சட்டைக்கையில் அரிசித் தூளோடு நின்றேன்.

அக்ராவில் ஒரு வீட்டுப் புகைப்பட அல்பத்தில், கப்பல்களுக்கும் கோபுரங்களுக்கும் பக்கத்தில் அந்தப் படம் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்டால், ரீச்சர் என்ன சொல்லுவார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.