மாஸ்டரைத் தூக்க ஒரு கடிதம்

மூன்று வாரத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஒரு மனிதரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும். அதற்கான கடிதத்தை நான் எழுத வேண்டும்.

பயந்துவிடாதீர்கள். ஆபீஸ் விவகாரம் இல்லை. ஃபுட்பால்!

சாந்தோம் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு டீம் இருக்கிறது. சென்னை லீக்கில் கீழ்ப் பிரிவில் ஆடுகிறார்கள். டி.வி.யில் எல்லாம் காட்ட மாட்டார்கள். ரசிகர்கள் என்று எண்ணினால் நாற்பது பேர் தேறுவோம். அதில் முப்பத்தொன்பது பேர் குப்பத்துக்காரர்கள். மிச்சம் ஒருத்தன் நான்.

நான் எப்படி உள்ளே போனேன்? மீன் வாங்கப் போய்த்தான். எனக்குப் பல வருஷமாக மீன் கொடுக்கிறவர் அந்தோணியம்மா. அவர் மகன் ஜெரால்டுதான் டீமின் கோல்கீப்பர். போன வருஷம் ஒருநாள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வூட்ல குந்திகினு இன்னா சார் பண்ற? வந்து எங்க பசங்க ஆட்டத்தப் பாரேன்" என்றார். போனேன். காலேஜில் லெஃப்ட் பேக் ஆடிய கால் இது... சும்மா இருக்குமா? அன்றிலிருந்து எல்லா மேட்சுக்கும் ஆஜர்.

டீமுக்கு மேனேஜர் டேவிட் மாஸ்டர். கோச்சும் அவர்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். இடைவேளையில் தண்ணீர் பாட்டில் நிரப்புகிறவரும் அவர்தான். விடியும் முன் கடலுக்குப் போய்விட்டு வந்து, சாயந்திரம் பையன்களை ஓட விடுவார். பதினோரு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் பைசா வராது. ஆனால் அவரைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார், மீனை அப்புறம்தான் சொல்வார்.

போன சீசனில் இரண்டாவது இடம். இந்த சீசனில் ஆறு மேட்ச்... ஆறிலும் தோல்வி!

ஆறாவது தோல்வி முடிந்ததும் மைதானத்தின் ஓரத்திலேயே விசாரணைக் கமிஷன் கூடிவிட்டது.

"மாஸ்டருக்கு வயசாயிடுச்சு நைனா."

"மூளைக்கா, காலுக்கா?"

"ரெண்டுக்குந்தான்!"

அந்தோணியம்மா சும்மா விடுவாரா? "இவனுங்க பந்து ஆடறானுங்களா, பட்டம் உடறானுங்களா? எல்லாம் மேலயே போய்க்கினு கீது!"

அது உண்மை. எதிர் டீம் தரையோடு தரையாக, கால் விட்டுக் கால் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறது. எங்கள் பையன்களோ எது கிடைத்தாலும் ஓங்கித் தூக்கி அடிக்கிறார்கள். பத்தடியில் நிற்பவனுக்குக்கூடத் தலைக்கு மேலேதான் பாஸ். நானும் என் பங்குக்கு, "இது மாஸ்டரின் டாக்டிக்ஸ் கோளாறு" என்று ஒரு போடு போட்டேன். டாக்டிக்ஸ் என்று சொன்னதும் நாலு பேர் மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கு அது போதாதா?

கிளப் செயலாளர் குமார், ஆட்டோ ஓட்டுகிறவர், என் தோளில் கை வைத்தார். "சார், நீங்க பேப்பர்ல எழுதறவரு. நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க. மாஸ்டரு மனசு நோவக் கூடாது. ஆனா போய்டணும்."

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிட்டேன். 'தங்களின் நீண்ட நெடிய சேவையை நன்றியுடன் நினைவுகூரும் இவ்வேளையில்...' என்று ஆரம்பித்து, புதிய ரத்தம், காலத்தின் கட்டாயம் எல்லாவற்றையும் சேர்த்து அழகாக முடித்திருந்தேன்.

மனைவி வாங்கிப் படித்தாள். "யாரு போய்ட்டாங்க?" என்றாள்.

யோசித்தால், நமக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எது சரியாக நடக்கவில்லை என்றாலும் உடனே ஒரு ஆளை மாற்ற வேண்டும். எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் அடிக்கடி நடுவில் நின்றுவிடுகிறது. அதற்காக இதுவரை மூன்று வாட்ச்மேன்களை மாற்றிவிட்டோம்! லிஃப்ட் இன்னமும் நிற்கிறது. நாலாவது வாட்ச்மேன் இப்போதே கொஞ்சம் பயத்தோடுதான் இருக்கிறார்.

புதன்கிழமை சாயந்திரம் குப்பத்தில் வலை சரிசெய்யும் கொட்டகைக்கு வெளியே, மணலில் கூட்டம். மாஸ்டர் லுங்கியோடு வந்தார். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியும். பையன்கள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எழுந்து கடிதத்தைப் படித்தேன். குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன் என்று ஞாபகம்.

"நல்லா எழுதிக்கீறீங்க சார்" என்றார் மாஸ்டர். கடிதத்தை வாங்கக் கை நீட்டவில்லை. எழுந்து போய் ஒரு பந்தை எடுத்து மணலில் வைத்தார்.

"ஜெரால்டு, வா இங்க. இத தரையோட உருட்டி, அங்க நிக்கிறான் பாரு, அவனுக்குக் குடு."

ஜெரால்டு தட்டினான். பந்து நாலடி போய் மணலில் புதைந்து நின்றது.

"இன்னொருக்கா."

மறுபடியும் அதே நாலடி.

"இப்போ தூக்கி அடி."

பந்து அழகாகப் பறந்து எதிரில் நின்றவன் மார்பில் போய் விழுந்தது.

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "பத்து மாசமா இவனுங்க இந்த மணல்லதான் பிராக்டிஸு. மணல்ல பந்து உருளாது. தூக்கி அடிச்சாதான் போய் சேரும். காலு அதையே கத்துக்கிச்சு. மேட்ச்சுல மட்டும் தரையோட ஆடுன்னா எப்டி ஆடுவான்?"

குமார் விடவில்லை. "இன்னா மாஸ்டர்... நம்ம அப்பன், தாத்தன் எல்லாம் மணல்ல ஆடினவங்கதானே? மணல்ல ஓடினா காலு கெட்டியாவும்னு நீதானே சொல்லுவ?"

"காலு கெட்டியாவும்பா. ஆட்டம் கெட்டுப்பூடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார் அந்தோணியம்மா.

"சொன்னா, தோத்ததுக்கு சாக்கு சொல்றான்னு நீதான் மொதல்ல கத்துவ அக்கா."



நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுக்கு முன்னாடி எங்கே பிராக்டிஸ் பண்ணீங்க?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக ரசிகன்! மேட்ச் பார்க்கிறவன் எவன் பிராக்டிஸைப் பற்றிக் கேட்கிறான்? ஸ்கோர் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

"இன்னா சார், உனக்குத் தெரியாதா?" என்றார் அந்தோணியம்மா. "உங்க தெருக்கோடியில வாக்கிங் போற பார்க்கு கீதே, அதுக்கு நடுவுல கீற கிரவுண்டுதான். எத்தினி வருஷமா சாயந்திரத்துல நம்ம பசங்க ஆடிக்கினு இருந்த எடம்! எவனோ கலெக்டரு கணக்கா பெட்டிசன் எழுதிப்போட்டு, பந்தே ஆடக் கூடாதுன்னு போர்டு மாட்டிட்டான்."

எவனோ.

என் கையில் அந்தக் கடிதம் இருந்தது.

சொல்லிவிடுகிறேன். பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயந்திரம் அந்தப் பூங்காவில் ஒரு பந்து பறந்து வந்து கோபாலன் சாரின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. அவர்தான் எங்கள் நடைப்பயிற்சி சங்கத்தின் தலைவர். மறுநாள் காலை அவர் என் தோளில் கை வைத்து, "நீங்க எழுத்தாளர்... நாலு வரி நல்லா எழுதிக் கொடுங்க" என்றார். குமார் சொன்ன அதே வார்த்தைகள்! மனு எழுதிக் கொடுத்தேன். 'பூங்கா நடைக்கே, பறக்கும் பந்துகளுக்கு அல்ல' என்று அதில் ஒரு வரி. எல்லோருக்கும் அது அவ்வளவு பிடித்துப்போய், பச்சை போர்டில் வெள்ளை பெயின்ட்டால் எழுதி வாசலுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினேன்.

நான் காலையில் நடக்கிறவன். சாயந்திரம் அங்கே யார் ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தோன்றவில்லை. அந்தப் பதினோரு பையன்களின் ஆட்டத்தை ஒரே ஒரு வரியில் கெடுத்தவன் நான். அவர்களைக் கெடுத்ததாக ஒரு மனிதரைத் தூக்கக் கடிதம் எழுதியவனும் நான். வெட்கமாக இருந்தது. ரொம்பவே வெட்கமாக இருந்தது.

"அந்த எவனோ... நான்தான்" என்றேன்.

அந்தோணியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ மாத்த வேண்டியது மாஸ்டர இல்ல சார்" என்றார்.

நான் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மாஸ்டர் தடுத்தார்.

"கிழிக்காதீங்க சார். பின்பக்கம் காலியாத்தானே கீது? அதுல எழுதுங்க, கிரவுண்டு வேணும்னு. எங்களுக்கு சாயந்திரத்துல ரெண்டு மணி நேரம் போதும். கண்ணாடி ஒடைஞ்சது தப்புதான். நடக்கற பாதைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வலை கட்டிடறோம். வலை நம்மகிட்ட இல்லாததா?"

சொல்லிவிட்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கிரவுண்டு வரட்டும். எனக்கு ஒரு சீசன் குடுங்க. அப்பவும் தோத்தா, முன்பக்கத்துல மொத கையெழுத்து நானே போடறேன்."

சட்டைப் பையில் பேனா இருந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்து பின்பக்கம் எழுதினேன். இந்த முறை நினைவுகூரல் இல்லை, காலத்தின் கட்டாயம் இல்லை. என்ன வேண்டும், எதற்கு வேண்டும், அவ்வளவுதான். அந்தோணியம்மா முதலில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை, பூங்கா பெஞ்சில் எங்கள் சங்கக் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். கோபாலன் சார் புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் பழைய மனுவை எடுத்து என்னிடமே படித்துக் காட்டினார். "'நடப்பவர்களின் நிம்மதி ஒரு நகரத்தின் நாகரிகம்.' எவ்வளவு அருமையா எழுதியிருக்கீங்க சார்! இப்ப நீங்களே இப்படிப் பேசலாமா?"

"அருமையாத்தான் எழுதியிருக்கேன் சார். ஆனா தப்பா எழுதியிருக்கேன்" என்றேன்.

வலை கட்டுவார்கள், பந்து வெளியே வராது என்றேன். வலை பார்க்க நன்றாக இருக்காதாம். பாதை சுற்றித்தானே போகிறது, நடு மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்றேன். புல் பாழாகிவிடுமாம். பதினோரு வருஷத்தில் பாழாகாத புல்லா என்றேன். அதற்குப் பதிலாக ஓட்டெடுப்புதான் வந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள். பதினேழுக்கு ஒன்று. அந்த ஒன்று யாருடைய கை என்று சொல்ல வேண்டுமா?

தூக்கிய கையை இறக்காமலே சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். திங்கட்கிழமை நானும் குமாரும் அந்தப் பின்பக்க மனுவை டைப் செய்து, உரிய ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கி வந்தோம். பூங்கா பொது இடம். சங்கம் வைத்த போர்டுக்கு என்ன அதிகாரம் என்று அங்கேயே கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

பரிசீலிக்கட்டும். அதற்காகக் கால்கள் காத்திருக்குமா?

போன வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு டீம் பூங்காவுக்குள் வந்தது. முன்னால் மாஸ்டரும் குமாரும் சவுக்குக் கழிகளோடு, பின்னால் நாலு பேர் ஒரு பழைய வலையைத் தோளில் சுமந்துகொண்டு. அரை மணி நேரத்தில் பாதையோரம் நெடுக வலை கட்டியாகிவிட்டது. நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்மணிகள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மறுபடியும் நடந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

"தரையோட! தரையோட!" என்று மாஸ்டர் கத்த ஆரம்பித்தார். முதல் பத்து நிமிஷம் பந்து வழக்கம்போல மேலேதான் போனது. வலைக்கு வெளியே நின்ற அந்தோணியம்மா, "இன்னும் பட்டந்தானாடா உடறீங்க? மாஸ்டர மாத்தணும்பா!" என்று சத்தம் போட்டார். மாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தாள் அவர் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முன்பக்கம் இன்னும் ரத்தாகவில்லை, அது அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஜெரால்டு பந்தைக் கையில் பிடித்து, கீழே வைத்து, மெதுவாக உருட்டினான். பந்து உருண்டது... ஒருத்தன் காலுக்கு, அங்கிருந்து இன்னொருத்தன் காலுக்கு, நிற்காமல் உருண்டுகொண்டே போனது. "அப்படித்தான்!" என்று தழுதழுத்த குரலில் கத்தினேன். இந்த முறை நடிப்பில்லை.

நான் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தேன் தெரியுமா? வாசல் பக்கம், அந்தப் பச்சை போர்டுக்கு முன்னால். என் வரியை என் முதுகால் மறைத்துக்கொண்டு!

கோபாலன் சார் வேகமாக வந்தார். "கொஞ்சம் நகருங்க சார், போர்டு தெரியல."

"தெரிய வேண்டாம்னுதான் நிக்கிறேன் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இதை இப்படியே விட முடியாது. நாளைக்கே உங்க மேல புகார் எழுதிக் கொடுக்கப் போறோம்!"

"தாராளமா கொடுங்க சார்" என்றேன். "ஆனா இந்தத் தடவை நீங்களே எழுதிக்கணும்!"