அவருக்கே தெரியாத ரகசிய எண்

காஞ்சிபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கணினிகளை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். சான்றிதழ்களில் மின்னணுக் கையெழுத்து அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் அதிகாரியின் பெயரில் பெருவிரல் அளவில் ஒரு டோக்கன். அதைக் கணினியில் செருகி, அவருக்கு மட்டுமே தெரிந்த எண்ணை அடித்தால் கையெழுத்து விழும். தப்பாக அடித்துக்கொண்டே போனால் பூட்டிக்கொள்ளும். புதிது வர வாரக்கணக்கில் ஆகும்.

அன்று ஊரில் கருட சேவைத் திருவிழா. சின்ன காஞ்சிபுரத்துக்காரரான அதிகாரி விடுப்பில் இருந்தார். மதியம் முசரவாக்கத்திலிருந்து ஒரு மாணவி அப்பாவோடு வந்தாள். கையெழுத்திட்ட தற்காலிகச் சான்றிதழ் ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் போகாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அதிகாரியின் போனை யாரும் எடுக்கவில்லை. அவருடைய உதவியாளரும் ஊரில் இல்லை. போனில்தான் கிடைத்தார்.

"டோக்கன் என் டிராயர்ல இருக்குது மேடம். நம்பர் சொல்றேன், நீங்களே போட்டுடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் நான்தானே போட்டுக்கினு இருக்கேன்!"

"சொல்லாதீங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

"நம்பர அடிக்கறதுக்கு இன்னாம்மா யோசனை? பொண்ணு வாழ்க்கைம்மா" என்றார் அப்பா. அந்தப் பெண் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோக்கனையும் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருவிழாக் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் அதிகாரி வீட்டுக்குப் போனோம். நெற்றி நிறைய நாமத்தோடு அவரே கதவைத் திறந்தார். சான்றிதழை ஒருமுறை படித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தப்பு என்றது கணினி. மறுபடியும் அடித்தார். இனி ஒரே ஒரு வாய்ப்புதான் என்று திரையில் வந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் வரலையே... அவனைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"நான் கேட்டா எனக்கும் தெரிஞ்சிடும் சார். நீங்களே பேசுங்க."

உதவியாளரிடம் பேசினார். காதில் போனை வைத்தபடியே ஒவ்வொரு எண்ணாக அடித்தார். கையெழுத்து விழுந்தது.

"இதுவரைக்கும் அவன் போட்ட கையெழுத்தெல்லாம்?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாமே உங்களோடதுதான் சார்."

அவர் அங்கேயே எண்ணை மாற்றினார். மாற்றும்போது, நாங்கள் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் பக்கம் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஐந்துக்குச் சற்று முன்னால் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு வேலையும் கிடைத்தது.

அதன்பிறகு, அதுவரை உதவியாளர் கையெழுத்துப் போட்டிருந்த சான்றிதழ்கள் அத்தனையையும் திறந்து, மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றில்கூடத் தவறில்லை. ஆனாலும் உதவியாளரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். "அவர் நீங்க சொன்னதைத்தானே செஞ்சார் சார்" என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். மாற்றல் உத்தரவு அப்படியே நின்றது. உதவியாளர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.