வலென்சியாவில் வெறும் சோறு

சுற்றுலா நடத்துகிறவள் கடலைப் பார்ப்பதில்லை. கடலைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறாள். உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நயாகராவுக்காவது போய் வந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம் கட்சி.

ஐடி வேலை போனதும், நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். முதல் பயணம் மே மாதக் கடைசியில், ஸ்பெயினின் கடலோர நகரமான வலென்சியாவுக்கு. ஆள் சேர வேண்டுமே என்று விளம்பரத்தில் ‘தினமும் ஒரு வேளை நம்ம சோறு’ என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சேர்ந்த பன்னிரண்டு பேரில் வரதன் அங்கிளும் ஒருவர். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பின் அட்மின். அவர் குறை சொல்லி ஒரு வரி எழுதினால் அடுத்த பயணத்துக்கு ஈ, காக்காகூட எட்டிப் பார்க்காது.

குக்கர்

நியூ ஜெர்சியில் வாங்கிய ரைஸ் குக்கரைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன். ஹோட்டல் அறையில் அடாப்டரை மாட்டிச் சொருகினேன். அங்கே வோல்டேஜ் அமெரிக்காவில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. குக்கர் புஸ்ஸென்று புகைவிட்டுச் செத்தது; அறை விளக்கும் போனது. எலக்ட்ரிகல் இன்ஜினியராக ரிடையரான வரதன் அங்கிள் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

“சென்னைல வாங்கினதா இருந்தா ஓடியிருக்கும்மா.”

ஏழு மணி

நம்மவர்களுக்கு ஆறரைக்குப் பசித்துவிடும். அங்கே எட்டரைக்கு முன்னால் எந்த உணவகத்திலும் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். கடற்கரை மணலில் வரிசையாக உட்கார்ந்து, முறுக்கைக் கடித்தபடி மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலக் கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் வீணாகக் கிடந்தது. அங்கிளின் மனைவி கலா ஆன்ட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“மணி ஏழாச்சு, வெயிலும் போகல, சாப்பாடும் வரல. இந்த ஊர்ல ராத்திரி எப்போ வரும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.”

நோயாளிகள்

மறுநாள் மதியம், நகரத்துக்குத் தெற்கே ஏரியோரம் நெல் விளைகிற ஊருக்குக் கூட்டிப்போனேன். இன்றும் சோறு இல்லையென்றால் பழையபடி ரெஸ்யூமே எழுத வேண்டியதுதான். உணவகத்தில் சமைக்கிற அம்மாவிடம், போனில் மொழிபெயர்த்து, வெறும் சோறும் தயிரும் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த ஊரில் சோறு என்றால் கோழியும் முயலும் சேர்த்து ஆக்குவது. வெறும் சோறு வயிறு கெட்டவர்களுக்கு. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். “எல்லோருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

உச்சுக்கொட்டியபடி பாத்திரம் பாத்திரமாகச் சோறு அனுப்பினார். கலா ஆன்ட்டி தயிரை ஊற்றிப் பிசைந்தார். அவருடைய ஹேண்ட்பேக்கிலிருந்து மாவடு வந்தது. சற்றுப் பொறுத்து நோயாளிகளைப் பார்க்க வந்த அந்தம்மா, மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அங்கிளைப் பார்த்து அப்படியே நின்றார். ஒரு வாய் சாப்பிட்டும் பார்த்தார். பிறகு என் போனை வாங்கிப் பேச, அது தமிழில் ஒப்பித்தது:

“இவர்களுக்கு என்ன நோய்? எனக்கும் வேண்டும்.”

குரூப்

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவும் தோன்றவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வரதன் அங்கிள் மும்முரமாகப் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். திக்கென்றது. குரூப்பைத் திறந்தேன். கடலும் இல்லை, மாதாகோயிலும் இல்லை. வழித்துச் சாப்பிட்ட தட்டின் படம், அதற்குக் கீழே:

“சொன்னபடி சோறு போட்டுட்டா. அடுத்த ட்ரிப்புக்கு எங்களுக்கு ரெண்டு சீட் இப்பவே புக் பண்ணிடும்மா.”

வந்தவர்களையெல்லாம் நோயாளியாக்கி முன்னுக்கு வருகிற தொழில், வைத்தியத்தை விட்டால் இது ஒன்றுதான் போலிருக்கிறது.