ஹெர்மானின் சடை

நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் ஹெர்மான் குழல் ஊதுவான், நான் முரசு அடிப்பேன். முரசு அடிப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

கடல் தாண்டியிருக்கும் எங்கள் மலையூர் ஒத்தவாலோவில் ஆணுக்கு அழகு முதுகில் தொங்கும் சடை. சடையில்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். நார்வே மழை ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஹெர்மானுக்குத் தலை மொட்டையாகிவிட்டது. ஆனாலும் ஒரு கனத்த சடையை, வாசிக்கும்போது கட்டும் தலையலங்காரத்தோடு சேர்த்துத் தைத்து மாட்டிக்கொள்வான். யார் முடி என்றால் பேச்சை மாற்றுவான்.

அதே சந்தையில் கம்பளிச் சட்டை விற்கும் தோவாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். மாப்பிள்ளை பார்க்க அவள் அப்பா ரஃபாயேல் ஊரிலிருந்து வந்தார். போன்சோ என்னும் கம்பளி மேலாடை தைப்பவர், சட்டைக் காலரில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். மகளின் கத்தரித்த முடியைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. பேன் பிடித்தது, வெட்டிவிட்டேன் என்றாள். அவர் நம்பவில்லை.

வழக்கமாக நாங்கள் தலை நிறைய இறகு கட்டிக்கொண்டுதான் வாசிப்போம். எங்களுக்கும் இறகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கப்பலில் வரும் கூட்டத்துக்கு அதுதான் பிடிக்கிறது. பெரியவர் சிரிப்பாரே என்று அன்றைக்கு மட்டும் இறகை மூட்டைக்குள் ஒளித்துவிட்டு, எங்கள் ஊர்த் தொப்பி போட்டோம். ஹெர்மான் சடையைப் பிரித்துத் தொப்பியில் தைத்துக்கொண்டான். இறகுக்குத் தாடையில் வார் உண்டு. தொப்பிக்குக் கிடையாது. இந்த முட்டாள்களில் ஒருவனுக்குக்கூட, எனக்கும் சேர்த்துத்தான், அது தோன்றவில்லை.

இரண்டாவது பாட்டில் கடற்காற்று அடித்தது. தொப்பி பறந்தது, சடையும் கூடவே பறந்தது. விலாங்கு மீன் என்று நினைத்து ஒரு கடற்காகம் அதைக் கவ்விக்கொண்டு போனது. கூட்டம் கைதட்டியது. ஹெர்மான் மொட்டைத் தலையோடு ஊதிக்கொண்டே இருந்தான், நிறுத்தினால் அழுதிருப்பான்.

ரஃபாயேல் குடையோடு காகத்தைத் துரத்தினார். அது மீன் கடை வாசலில் சடையைத் தொப்பியோடு போட்டது. எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோவாவுக்குப் பிறவியிலேயே செம்பு நிறத்தில் ஒரு கற்றை உண்டு. தாயில்லாத பெண்ணுக்கு வருடக்கணக்காகத் தலை பின்னிவிட்ட கை அவருடையது. அந்தக் கற்றை இப்போது அதே கையில் இருந்தது.

மகளிடம் வந்தார்.

"பேன்னு சொன்னே?"

"ஆமாப்பா. பெரிய பேன். அங்க நின்னு குழல் ஊதுது பாருங்க."

ஒரு வெள்ளைக்காரி காசு போட்டு, இன்னொரு தடவை பறக்கவிடச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

"இது என் பொண்ணு முடி, இனிமே பறக்காதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுப்பா."

எதற்கோ எங்கள் மூட்டையைத் துழாவியவர் கையில் இறகுகள் வந்தன. "இதென்ன, யார் வீட்டுக் கோழி?" என்றார். வாரை மட்டும் வெட்டி எடுத்துத் தொப்பியில் வைத்துப் பார்த்தார். காலரிலிருந்து ஊசியை உருவினார்.

"அளவு பாக்கணும். தலையக் குனிங்க, மாப்ளே."