பக்கத்தில் உட்கார்ந்த எதிரணி

சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களான எங்கள் கபடி அணி எங்கே போனாலும் கோப்பையோடுதான் திரும்பும். மேலநீலிதநல்லூர் அணியிடம் மட்டும் எப்போதும் தோற்போம். நான் யாரைத் தொடப் போகிறேன் என்பது தெரிந்தவர்கள் போலக் காத்திருப்பார்கள். "நம்மள்ல எவனோ உளவு சொல்லுதான்" என்று எங்களுக்குள் சண்டை வந்து, அணியே உடையப் பார்த்தது.

அவர்களுடைய கேப்டன் துபாய்க்குக் கிளம்பும் முன் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க மட்டும் எப்படி எங்கள ஜெயிக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஏலே, தறிச் சத்தத்துல பேசிப் பழகுன ஆளுக நீங்க. ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேக்கும்லா. மத்த டீம்காரன் அந்தச் சத்தத்துக்குப் பயந்து தள்ளி உக்காருதான். நாங்க இடைவேளையில உங்க பக்கத்துல வந்து உக்காருதோம். அவ்வளவுதான்."

அடுத்த போட்டியில், தறிக்கூடத்தில் செய்வதுபோல் கைச்சாடையிலேயே திட்டம் போட்டோம். முதல்முறையாக அவர்களை ஜெயித்தோம். மைதானத்திலிருந்தே துபாயில் இருந்த அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ஜெயிச்சுட்டோம்!"

"கத்தாத மக்கா, போன் இல்லாமலே இங்கன கேக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். நாங்கள் பேசியதையெல்லாம் அவ்வளவு கவனமாகக் கேட்ட ஒரே மனிதர் உட்காரும் பக்கத்து இடம் காலியாக இருந்தது.