எதிர்க்கட்சி பேசிய டாக்டர் ஞானமுத்து

போன செவ்வாய்க்கிழமை காலையில், ராஜபாளையத்தில் என் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரூபி அம்மாள், டாக்டர் ஞானமுத்துவின் மனைவி. "அண்ணே, அவிய போயிட்டாவ. காப்பியக் குடிச்சிட்டு பேப்பர் பார்த்துக்கிட்டு இருந்தாவ. கூப்பிட்டேன், திரும்பல" என்றார். அழுகை இல்லாத குரல். அடக்கம் செய்யும்போது நான்தான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்பது அங்கே நின்றிருந்த டாக்டர்கள் உங்களுக்கெல்லாம் தெரியும். அங்கே விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு பிடித்துக் குடியேறியபோது, இந்த வட்டாரத்தில் அல்சர் என்றால் அது என் ராஜ்யம். ராத்திரி ஷிப்ட், வெறும் வயிற்றில் டீ, கையில் பீடி, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை என்று மில் தொழிலாளர்களில் பாதிப் பேர் குடலில் புண்ணோடுதான் நடமாடினார்கள். முற்றியவர்கள் என்னிடம் வருவார்கள். வயிற்றைத் திறந்து, அமிலம் சுரக்கவைக்கும் நரம்பை அறுத்துவிட்டு, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புதுவழி வைத்துத் தைத்து அனுப்புவேன். நான் அறுவை சிகிச்சை நிபுணன், அறுப்பது என் தொழில், அதைச் சுத்தமாகவும் செய்தேன். அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் சென்னையிலிருந்து ஒரு கறுப்புக் குழாயோடு வந்து இறங்கினார்.

அதன் பெயர் எண்டோஸ்கோப், வாய் வழியே விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது என்று அவர் சொன்னார். ஊர் அதை ஓஸ் என்றது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஓஸேதான். அவரும் 'ஓஸ் டாக்டர்' ஆகிவிட்டார். கோபமே படவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் வழி சொல்லும்போதுகூட "ஓஸ் டாக்டர் வீடுன்னு கேளுங்க, டக்குனு விட்டுருவான்" என்பார். வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் நம் ஜனங்களுக்குக் காப்பி கணக்கில் வராது. வன்னியம்பட்டியிலிருந்து வந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று ஆண்டாள் மீது சத்தியம் செய்துவிட்டு மேஜையில் படுத்தார். குழாயை இறக்கினால் உள்ளே காப்பி, அதில் ஊறிய வடை. எழுந்ததும் அந்த மனிதர் கேட்டது, "வடையுமா தெரியுது?" அதிலிருந்து ஞானமுத்து ஒரு வழக்கம் வைத்தார். குழாய்விடும் நாளில் நோயாளிகள் காலையிலேயே வந்து அவர் கண்ணெதிரே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வேண்டும். கூட வந்தவர்கள் தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்தக் காலத்துக் கருவியில் டிவி கிடையாது. ஒற்றைக் கண்ணை வைத்து ஒருவர்தான் பார்க்க முடியும். அவர் பார்த்ததாகச் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும் என்று நம் டாக்டர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் வம்புக்கு இழுத்தேன். அவர் அடுத்த வாரம் வரச்சொல்லி, ஒரு நோயாளியின் இரைப்பைக்குள் குழாயை நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். அறுத்துத் திறந்த பிறகு அல்சரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருத்தர் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் அது இருப்பதைப் பார்த்தது அன்றுதான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிச்சம் போதாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் சண்டை வந்திருக்காது. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் அதே குழாய்க்குள் நீள ஊசியை அனுப்பி, ரத்தக்குழாயைச் சுற்றி அட்ரினலின் மருந்தைப் போட்டு நிறுத்தலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். மாதாமாதம் கூட்டத்தில் இதே பேச்சுதான். இன்று ஊசியில் நின்ற ரத்தம் நாளை மறுபடி கசிந்தால் என்ன ஆகும், ஊருக்குத் திரும்பிப் போனவன் பஸ் பிடித்து வருவதற்குள் செத்துப்போவான், அறுத்தால் அதோடு தீர்ந்தது என்பது என் கட்சி. வயதானவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் மயக்க மருந்தே எமன், நிறுத்தக்கூடிய ரத்தத்துக்கு எதற்கு வயிற்றைக் கிழிப்பது என்பது அவர் கட்சி. கடல் தாண்டி வரும் மருத்துவப் பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். "பழைய பேப்பர் கடைக்குப் போடுற நேரத்துலதான் இவருக்குப் பத்திரிகை வந்து சேருது" என்று நான் சொல்ல, கூட்டம் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதுதான் எனக்கு எரிச்சல்.

இந்தச் சண்டையில் இடையில் அகப்பட்டவர் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு பெரியவர். அடிக்கடி ரத்தம் கசிந்து வெளுத்துப்போயிருந்தார். நான் அறுக்க வேண்டும் என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஞானமுத்துவைக் கேட்டார், அவர் ஊசி போதும் என்றார். திரும்பி வந்து என்னிடம் கேட்டார், மறுபடி அங்கே போனார். கடைசியில் ஒருநாள், ஏதோ வேலையாக நான் ஞானமுத்துவின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வந்து நின்றுவிட்டார். "நீங்க பேசுனா நீங்க சரி. அவிய பேசுனா அவிய சரி. நான் நடுவுல பஸ்ஸுல போயிட்டும் வந்துட்டும் இருக்கேன். என் வயித்துக்கு எது சரின்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்கய்யா, நான் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

ஞானமுத்து நாற்காலியை இழுத்து அவரை எங்களுக்கு நடுவில் உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்னு செய்வோம் டாக்டர். உங்க கட்சிய நான் பேசுதேன். என் கட்சிய நீங்க பேசுங்க. தமிழ்லயே பேசுவோம்."

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் அவர் ஆரம்பித்துவிட்டார். அறுவை சிகிச்சையால் என்ன நன்மை, எத்தனை நாள் படுக்கை, பிறகு என்ன சாப்பிடலாம் என்று நானே இதுவரை எந்த நோயாளிக்கும் சொல்லாத அளவுக்குப் பொறுமையாகச் சொன்னார். என் முறை வந்தது. ஊசியைப் பற்றி ரெண்டு வாக்கியம் முனகினேன். "என் வைத்தியம் அம்புட்டு மோசமா டாக்டர்? இன்னும் செத்த நேரம் பேசுங்க" என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். நானும் மறுபடி முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் அறுவை சிகிச்சையே போதும் என்று முடிவு செய்தார். ஆப்பரேஷன் அன்றைக்கு ஞானமுத்து என் தியேட்டருக்கு வந்து, முடியும்வரை ஓரமாக நின்றார். பெரியவர் தேறிப்போனார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. சிக்கலான நோயாளி என்றால் யாராவது ஒருவர் பஸ் ஏறுவோம். அவரவர் கட்சியை அவரவர் பேசக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்த்த ஒரு வக்கீல் தன் தகப்பனாருக்காக வந்து இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் கோர்ட்டில் இப்படிப் பேசினால் தொழில் செய்கிற சன்னதையே பிடுங்கிவிடுவார்கள் சார் என்றார். ஞானமுத்து அடிக்கடி சொல்வார், "எதிராளி பக்கத்த நல்லாச் சொல்லத் தெரியலன்னா, நம்ம பக்கமே நமக்குச் சரியாத் தெரியலன்னு அர்த்தம்." மேடையில் சொன்ன வாசகம் இல்லை. கை கழுவிக்கொண்டே சொல்வது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முற்பகல். முதுகுவலிக்கு நான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த காலம். நோயாளிக்கு வேண்டாம் என்று சொல்வதை எந்த டாக்டர் தனக்குச் சொல்லிக்கொள்கிறார்? குடலிறக்க ஆப்பரேஷன் ஒன்றை முடித்துவிட்டு வெளியே வந்தவன் அப்படியே சுவரைப் பிடித்துச் சரிந்து ரத்தம் வாந்தியெடுத்தேன். என் மனைவி சரோஜா பதறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டுவிட்டு, என்னை அம்பாசிடரில் ஏற்றிவிட்டாள். ஒரே அறுவை சிகிச்சை நிபுணனாக இருந்தவன் நோயாளியாகப் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஞானமுத்து என்னைப் படுக்கவைத்து, ரத்தம் ஏற்ற ஆரம்பித்து, குழாயைவிட்டுப் பார்த்தார். சிறுகுடலின் தொடக்கத்தில் புண். அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. பீறிடவில்லை, பேச அவகாசம் இருந்தது. குழாயை வெளியே எடுத்துவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேசப்போகிறார், அதுவும் என் கட்சியை.

பேசினார். சரோஜாவைப் பார்த்து, அறுவை சிகிச்சையின் பக்கத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். ஊசி போட்டால் இன்று நிற்கலாம், நாளை மறுபடி கசியலாம், அப்போது உடம்பு இன்னும் தளர்ந்திருக்கும், அறுத்துக் கட்டிவிட்டால் அந்தப் பயம் குறைவு என்றார். மதுரையிலிருந்து ஒரு சர்ஜன் காரில் வந்துகொண்டிருப்பதாகவும், தியேட்டர் தயாராக இருப்பதாகவும் சொன்னார். நான் கூட்டத்தில் பல வருஷமாகக் கத்தியது அத்தனையும் அவர் வாயிலிருந்து அவ்வளவு நிதானமாக வந்தது. சரோஜா கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஆப்பரேஷனே செய்துவிடலாம் டாக்டர் என்றாள்.

எத்தனையோ பேரை அந்த மேஜையில் ஏற்றியவன், அதன் மேல் நானே ஏற வேண்டும் என்றதும் பயந்துபோனேன். இப்போது பேச வேண்டியது நான். அவர் கட்சியை நான் பேச வேண்டும், அதுதானே வழக்கம். கட்டிலில் கிடந்தபடி, மூச்சு வாங்க, ஊசிக்காக அன்றைக்கு நான் வாதாடியதுபோல எந்த டாக்டரும் எந்தக் கூட்டத்திலும் வாதாடியிருக்க மாட்டார். அவர் பத்திரிகைகளிலிருந்து படித்துக் காட்டி நான் கேலி செய்ததையெல்லாம் வரிவரியாகச் சொன்னேன்.

ஞானமுத்து முழுக்கக் கேட்டார். "இது பேச்சுக்கா டாக்டர், நெசமாவா?" என்றார்.

"பேச்செல்லாம் இல்ல. வயிறு என்னுது. ஊசியப் போடுங்க" என்றேன்.

"மறுபடி கசிஞ்சா?"

"கசிஞ்சா அறுங்க."

அவர் சரோஜாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மதுரை சர்ஜன் வந்து பக்கத்து அறையில் உட்காரும்வரை ரத்தம் ஏற்றிக்கொண்டே காத்திருந்தார், பிறகுதான் குழாயைக் கையில் எடுத்தார். குழாயைக் கடித்துவிடாமல் இருக்க வைக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் செருகியதும் எனக்குப் பேசவே வழியில்லாமல் போய்விட்டது. வாழ்க்கையில் அவரோடு எதிர்வாதம் செய்யாமல் நான் கிடந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஊசி சரியாக விழுந்தது. கசிவு நின்றது. மறுநாளும் நின்றே இருந்தது. மதுரை சர்ஜன் வெறும் கையோடு போகக் கூடாது என்று ரூபி அம்மாள் பால்கோவா டப்பா கொடுத்தனுப்பினார். இப்படி ஒரு கேஸ் தினமும் வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சில வருஷங்களில் அல்சருக்குக் காரணம் ஒரு கிருமி என்பது நம் ஊர்வரைக்கும் வந்து சேர்ந்தது. மாத்திரை கொடுத்தாலே பலருக்குப் புண் ஆறியது. நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்துகொண்டது டாக்டர் என்று ஞானமுத்து குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கும் அவரே கொடுத்தார், விழுங்கி முடிக்கும்வரை தினமும் போன் போட்டுக் கேட்டார். ஆனாலும் சண்டை ஓயவில்லை. ரத்தம் கசிந்தால் ஊசி மட்டும் போதுமா, கூடவே குழாய் வழியாகப் புண்ணுக்குச் சூடும் வைக்க வேண்டுமா, எப்போது சர்ஜனைக் கூப்பிடுவது என்று போன மாதக் கூட்டத்தில்கூட அவரும் நானும் கட்சி மாற்றிப் பேசியதை நீங்கள் கேட்டீர்கள். அன்று அவர் எனக்காகப் பேசியதில் நான்தான் ஜெயித்தேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ கேட்டார்கள். அங்கே சொல்ல முடியவில்லை, அது சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டிய விஷயம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என் கத்தி பட்ட வயிறுகள் ஏராளம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூடச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, நல்லா இருக்கேன் டாக்டர் என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் குளிக்கும்போது குனிந்து என் வயிற்றைப் பார்க்கிறேன். நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள்வரை ஒரு கீறல் கிடையாது. ஞானமுத்து இருந்தார் என்பதற்கு என் உடம்பில் இருக்கும் அடையாளம் அந்த வெறும் வயிறுதான்.