கடிகாரத் திருத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டக் கம்பெனி சும்மா எதையும் தராது. அதனால், ஹட்டன் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி ரோல்ஸும் தேத்தண்ணீரும் கொடுத்து, "இனிமே எல்லாரோட புரோகிராமையும் எல்லாரும் பாக்கலாம்" என்று மேனேஜர் அறிவித்தபோது, கடித்த ரோல்ஸை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். உலகத்தில் ஓபன் சோர்ஸ்காரர்கள் செய்வதை நாங்கள் கம்பெனிச் சுவருக்குள் செய்யப் போகிறோமாம். யார் எழுதியதையும் யாரும் திறந்து படிக்கலாம், கேள்வி கேட்கலாம், திருத்தி அனுப்பலாம். எழுதியவர் சம்மதித்தால் திருத்தம் சேரும். எல்லோரும் கை தட்டினார்கள். எழுதியதை வாங்கிக்கொண்டு எழுதியவளை வீட்டுக்கு அனுப்பும் வழி என்றுதான் எனக்குப் பட்டது.

பயப்பட எனக்கு வேறு காரணமும் இருந்தது. தோட்டங்களில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் வந்ததைப் பதியும் புரோகிராம் நான் எழுதியது. ஏழு மணிக்குள் கைரேகை மெஷினில் விரல் வைக்க வேண்டும். தாண்டினால் அன்றைக்குப் பேர் விழாது, வேலையும் கிடையாது. முன்பெல்லாம், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும் பெண்களை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கண்டும் காணாமல் சேர்த்துக்கொள்வார். மெஷினுக்கு அந்தத் தயவு தெரியாது. ஆகவே அப்படிப்பட்ட பெண்களுக்கு மட்டும் இருபது நிமிஷ அவகாசத்தைப் புரோகிராமுக்குள் ஒளித்து வைத்தேன், அதுவும் நான் பிறந்த டயகம டிவிசனுக்கு மட்டும். அந்த வரிக்குக் 'கடிகாரத் திருத்தம்' என்று பேர் வைத்தேன். ஒரே டிவிசன் என்றால் யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் படவில்லை. புரோகிராமைத் திறந்த இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து கேள்வி வந்தது: "இந்தத் திருத்தம் ஏன் ஒரு டிவிசனுக்கு மட்டும்?" கேட்டவர் தலைமையலுவலகத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். வீடியோக் கூட்டங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கே மெஷின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று பதில் எழுதினேன். உடனே போனில் அழைத்தார்.

"கடிகாரம் முந்தினால் எல்லாருக்கும் முந்தவேணும். இது கைப்பிள்ளைக்காரருக்கு மட்டும் முந்துதே, தங்கச்சி?"

நான் ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டு அம்மாவை அழைத்தேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். என்ன வரி, எதற்கு என்றெல்லாம் சொல்லாமல், கொழும்பு ஆள் ஒருவர் என் வேலையைத் துருவுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"வாயத் தெறக்காத புள்ள. மாட்டிவிடுறவன் இப்புடித்தான் நைஸா கேப்பான்," என்றவள் அப்படியே வேறு கதைக்குப் போனாள். "மஸ்கெலியாவுல ஒஞ் சித்தி மகளுக்கு நேத்தும் பேரு விழலயாம். கைப்புள்ளய வச்சிக்கிட்டு அல்லாடுறா." அதுவும் எங்கள் கம்பெனித் தோட்டம்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அவருடைய திருத்தம் வந்தது. வரியின் பேரைப் 'பிள்ளைக்காம்பரா நேரம்' என்று மாற்றியிருந்தார். டிவிசன் கட்டுப்பாட்டை எடுத்து, எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவாக்கியிருந்தார். கீழே காரணத்தை விளக்கி, தோட்ட வேலைகளை நிர்வகிக்கும் தலைமையலுவலகத் தோட்டப் பிரிவின் சம்மதத்தையும் எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருந்தார். முதலில் அவர் பேர், அடுத்து என் பேருக்குக் காலியிடம்.

நான் அவரை அழைத்து நேராகவே கேட்டேன், "என்னைய மாட்டிவிடத்தானே?"

"அப்பிடியெண்டால் என்ர பேரை ஏன் முதல்ல போடுறன்? ஒளிச்சு வைச்ச வரியை ஒருநாள் ஆரும் தெரியாமல் அழிச்சுப்போடுவினம். காரணத்தை எழுதி எல்லாருக்கும் முன்னால வைச்சால், அழிக்கிறவர் பதில் சொல்லவேணும்."

அப்போதும் நம்பவில்லை. எங்கேயாவது பொறி இருக்கும் என்று இரண்டு நாள் அந்தத் திருத்தத்தை வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் கிடைக்காத எரிச்சலில்தான் மூன்றாம் நாள் என் பேரைப் போட்டேன். தோட்டப் பிரிவு முணுமுணுத்தது, இரண்டு கேள்வி கேட்டது, மூன்று மாதம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்ன செய்வார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். லயத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப மஸ்கெலியாவுலயும் இருவது நிமிசம் உண்டா?"

"எல்லாத் தோட்டத்துலயும்மா."

"ஒஞ் சித்தி மக மூணு வருசமா பெரட்டுலருந்து திரும்பித் திரும்பிப் போனாளே, அப்பல்லாம் இது ஒங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றேன்.